மீன் தின்றது போக மீதி

உள்நாட்டு மீன் வளர்ப்பில் கெண்டை மீன்களுக்குக் காலங்காலமாகப் போடப்படும் தீவனம் அரிசித் தவிடும் கடலைப் புண்ணாக்கும். இரண்டையும் சம எடையில் கலப்பது பழைய கணக்கு. மக்காச்சோள மாவு, குருணை என்று கைக்குக் கிடைப்பதும் இதோடு சேரும். நெல்லும் நிலக்கடலையும் மக்காச்சோளமும் விளைகிற கந்தர்வக்கோட்டை வட்டாரத்தில் இவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. விலையும் ஆலைத் தீவனத்தைவிடக் குறைவு. மீன் இதைத் தின்று வளர்வது உண்மைதான். ஆனால் போட்ட தீவனத்தில் இருக்கும் தழைச்சத்திலும் மணிச்சத்திலும், அதாவது நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும், மீனின் உடம்பில் சேர்வது சிறு பங்கு. மீதி குளத்திலேயே தங்குகிறது.

கந்தர்வக்கோட்டை இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் வடகிழக்குப் பருவமழையை நம்பி நிற்கின்றன. கார்த்திகை வாக்கில் நீர் பெருகும்போது குஞ்சு விடுவார்கள். கோடையில் நீர் சுருங்கும்போது வலை போடுவார்கள். பண்ணைக்குட்டைகளிலும் ஏறக்குறைய இதே ஓட்டம்தான். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குஞ்சு சிறியதாக இருக்கும்போது தண்ணீர் ஏராளம், தீவனம் கொஞ்சம். மீன் பெருத்து அதிகம் தின்னும் சித்திரை, வைகாசியில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியிருக்கும். கழிவு கூடும் நேரத்தில்தான் அதைக் கரைக்கும் நீர் குறைகிறது.

வளர்க்கப்படும் மீன்கள் பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால். வடக்கத்திய ஆறுகளைச் சேர்ந்த இந்த இனங்கள் தெற்கே ஊர்க் குட்டை வரை பரவியதற்கு 1957-இல் ஹிராலால் சௌத்ரி ஒடிசாவில் செய்த சோதனை பெரிய காரணம். பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு இந்த மீன்களை முட்டையிட வைக்கலாம் என்று அவர் காட்டிய பிறகே, ஆற்றில் குஞ்சு அரிப்பதை நம்பியிருந்த நிலை மாறிப் பண்ணைகளில் குஞ்சு உற்பத்தி பெருகியது. மூன்றும் கெண்டைக் குடும்பம். மூன்றுக்கும் இரைப்பை கிடையாது.

இரைப்பை இல்லாதது இங்கே முக்கியமான செய்தி. தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய உண்டு. எடையில் ஒன்றரை சதவீத அளவுக்குக்கூட இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்னும் கூட்டுப்பொருளாகப் பூட்டப்பட்டிருக்கிறது. விதை முளைக்கும்போது எடுத்துக்கொள்வதற்காகச் செடி சேமித்து வைத்த வடிவம் அது. அதை உடைக்கும் ஃபைட்டேஸ் நொதி மீனின் குடலில் போதிய அளவு இல்லை. அமிலம் சுரந்து கைகொடுக்க இரைப்பையும் இல்லை. எனவே ஃபைட்டேட் வந்த வடிவிலேயே மீனின் எச்சத்தோடு வெளியேறிக் குளத்தின் அடியில் படிகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகளிடம் அந்த நொதி உண்டு. மீனால் முடியாததை அவை வாரக்கணக்கில் மெதுவாகச் செய்து, பாஸ்பரஸைத் தண்ணீருக்கு விடுகின்றன.

நைட்ரஜனின் வழி வேறு. தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. கடலைப் புண்ணாக்கில் புரதம் நாற்பது சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் லைசினும் மெத்தியோனினும் தேவைக்குக் குறைவுதான். ஒன்று குறைந்தாலும் மற்ற அமினோ அமிலங்களை முழுவதுமாகச் சதையாகக் கட்ட முடியாது. மிஞ்சியதை மீன் எரிசக்தியாக எரித்துவிட்டு, நைட்ரஜனை அம்மோனியாவாகச் செவுள் வழியே நேராகத் தண்ணீரில் விடுகிறது.

ஒரு கிலோ மீனுக்கு இந்தக் கலவை 3 கிலோ செலவாவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றரைக் கிலோ தவிட்டிலும் ஒன்றரைக் கிலோ புண்ணாக்கிலுமாகச் சுமார் 130 கிராம் நைட்ரஜனும் 30 கிராம் பாஸ்பரஸும் குளத்துக்குள் போகின்றன. பிடித்து எடுக்கும் ஒரு கிலோ மீனில் இருப்பது ஏறத்தாழ 25 கிராம் நைட்ரஜன், 5 கிராம் பாஸ்பரஸ். தவிட்டின் தரத்துக்கேற்ப எண்கள் கூடலாம், குறையலாம். ஆறில் ஐந்து பங்கு குளத்தில் நிற்கிறது என்ற அளவு பெரிதாக மாறாது.

நன்னீரில் பாசியின் கடிவாளம் பெரும்பாலும் பாஸ்பரஸின் கையில்தான் இருக்கிறது. கனடாவில் 1973-இல் டேவிட் ஷிண்ட்லரின் குழு ஓர் ஏரியைத் திரைபோட்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சைப் பசேலென்று மாறியது. ஒரு கிராம் பாஸ்பரஸ் நூறு கிராம் அளவுக்குக் காய்ந்த பாசியை உண்டாக்கப் போதும் என்பதை மேலே சொன்ன கணக்கில் குளத்தில் மிஞ்சும் 25 கிராம் பாஸ்பரஸோடு பெருக்கிப் பார்க்கலாம்.

பாசி ஓரளவு இருப்பது குளத்துக்கு நல்லது. அதைத் தின்னும் நுண்விலங்குகள்தான் மீனுக்கு மிகச் சத்தான இரை. சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் குளத்தில் போடுவதே அதற்காகத்தான். அளவு மிஞ்சினால் கதை மாறுகிறது. பகலில் பாசி ஆக்சிஜனை வாரி விடும். இரவில் பாசியும் மீனும் அடிச்சேறும் சேர்ந்து அதை இழுக்கும். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் இயல்பாகத் தாங்குவதே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றுக்கு ஏங்கினால், இரவுக் கணக்கு பற்றாக்குறையில் முடிந்தது என்று அர்த்தம். பிற்பகலில் ஆபத்து வேறு வகை. பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது. அதே 30 டிகிரியில் பிஎச் 7 என்றால் அம்மோனியாவில் நச்சு வடிவம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. பிஎச் 9 என்றால் ஏறக்குறைய பாதி.

கந்தர்வக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணில் இரும்பு அதிகம். ஆக்சிஜன் உள்ளவரை இரும்பு பாஸ்பரஸைப் பிடித்து அடிமண்ணில் நிறுத்தி வைக்கும். சேறு தடித்து ஆக்சிஜன் தீர்ந்ததும் பிடி நழுவி, சேர்த்து வைத்தது நீருக்குத் திரும்புகிறது. மிர்காலும் சாதாக் கெண்டையும் அடியைக் கிளறுவதால் இது இன்னும் வேகமாகும். தீவனத்தை நிறுத்திய பிறகும் குளம் பச்சையாகவே கிடப்பதற்கு இதுவே காரணம்.

குட்டையை வடித்தால் அந்த நீர் வாய்க்காலில் இறங்கிக் கீழுள்ள கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் கலிங்கு தாண்டி அடுத்ததற்கு. ஆடுமாடு குடிக்கும் ஊருணிக்கும் அந்த வாய்க்காலே வழியாக இருக்கலாம். இது பெரிய அளவில் நடந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு ஆந்திரத்தின் கொல்லேறு ஏரி சாட்சி. துளையிட்ட சாக்குகளில் தவிட்டைக் கட்டித் தொங்கவிடும் முறையைப் பரப்பிய அந்தப் பகுதியில், ஏரிக்குள்ளேயே கரை எழுப்பி மீன்குளங்கள் பெருகின. 2006-இல் அரசே இறங்கி ஏராளமான கரைகளை உடைத்தது. தமிழ்நாட்டில் இந்த அளவுக்கு எங்கும் இல்லை. ஆனால் இறால் பண்ணைகளைக் கட்டுப்படுத்தும் 2005-ஆம் ஆண்டுக் கடலோர நீருயிரி வளர்ப்புச் சட்டம் உள்நாட்டு நன்னீர்க் குளங்களைத் தொடுவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இதற்காகத் தானியத்தைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. செக் நாட்டின் த்ரெபோன் பகுதியில் 16-ஆம் நூற்றாண்டுக் குளங்களில் இன்றும் கோதுமை போட்டே கெண்டை வளர்க்கிறார்கள். புரதத்துக்கு நுண்விலங்கு, எரிசக்திக்குத் தானியம் என்பது அங்கே கணக்கு. குளத்தின் சொந்த இரை தீர்ந்து, தவிடு மட்டுமே சோறாகும் அளவுக்கு மீனை நெருக்கி விடும்போதுதான் கழிவு ஏறுகிறது.

பழக்கத்தில் உள்ள நல்ல முறைகளில் முதலாவது, தீவனத்தை வாரி இறைக்காமல் சாக்கில் கட்டுவது. அடியில் இரண்டு வரிசைத் துளை போட்ட பழைய உரச்சாக்கை மூங்கிலில் தொங்கவிட்டால் மீன் முட்டி முட்டித் தின்னும். மறுநாள் சாக்கில் மிஞ்சியதைப் பார்த்து அளவைக் குறைக்கலாம். மப்பும் மந்தாரமுமான நாளில் தீவனம் வேண்டாம். முழங்கை வரை கையை நீரில் விட்டு, அது முங்குவதற்கு முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி அதிகம். சில நாள் நிறுத்தி வைக்க வேண்டும். தவிட்டை ஊறவைத்துப் புளிக்கவிட்டால் ஃபைட்டேட்டில் ஒரு பகுதி உடையும். ஃபைட்டேஸ் கலந்த ஆலைத் தீவனமும் கிடைக்கிறது. மிதவைத் தீவனத்தில் ஒரு கிலோ மீனுக்கு ஒன்றரைக் கிலோ போதும் என்பதால் கழிவும் குறைகிறது, முதல்தான் கூடுதல்.

மீதி நீருக்கும் சேற்றுக்கும் சரியான இடம் வயல். குட்டை நீரை வாய்க்காலில் விடாமல் தென்னைக்கும் வாழைக்கும் தீவனப் புல்லுக்கும் பாய்ச்சினால் அதே நைட்ரஜன் யூரியாச் செலவைக் குறைக்கும். கோடையில் குளத்து வண்டலை வயலுக்கு அடிப்பது இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. அரசுக் கண்மாய்களிலிருந்து அனுமதி பெற்று இலவசமாக எடுத்துக்கொள்ளவும் இப்போது வழியிருக்கிறது. சொந்தக் குட்டையில் அறுவடை முடிந்ததும் அடிமண் வெடிப்பு விடும்வரை காயவைத்து, மேலே படிந்த கருஞ்சேற்றைச் சுரண்டிக் கடலைக் கொல்லைக்கு எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு இட வேண்டும். சுரண்டாமல் விட்டால் ஐப்பசி மழையில் நிரம்பும் புது நீரில் போன ஆண்டுப் பாஸ்பரஸும் கலந்திருக்கும்.