டார்ச்சா, துப்பாக்கியா?

பேய் கேம் என்றால் விளக்கை அணைத்துவிட்டு, பெரிய டிவியில், சத்தத்தைக் கூட்டி வைத்து ஆட வேண்டும் என்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் மூன்று அங்குலத் திரையில் என்ன பெரிய பயம் வந்துவிடப் போகிறது?

வரும் என்று காட்டிய கேம், ‘டிமென்ஷியம்: தி வார்டு’. 2007 அக்டோபர் 31, ஹாலோவீன் நாளன்று அமெரிக்காவில் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கு வெளியானது. உருவாக்கியது டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் இருந்த ‘ரெனகேட் கிட்’ என்ற சின்ன நிறுவனம். இதைப் புகழ்பெற்ற ‘சைலன்ட் ஹில்’ வரிசையில் ஒன்றாகச் செய்யலாம் என்றுதான் முதலில் கொனாமியிடம் போனார்கள். கொனாமி கையை விரித்துவிட்டது. ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. அந்தப் பெயரின் சுமை இல்லாமல் சொந்தக் கதையாகவே செய்தார்கள்.

கதை எளிமையானது. பாழடைந்த ஆஸ்பத்திரி ஒன்றில் ஒருவன் கண் விழிக்கிறான். தான் ஏன் அங்கே இருக்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. கையில் ஒரு டார்ச்.

அந்த டார்ச்சில்தான் விஷயமே இருக்கிறது. டிஎஸ் கருவியின் நினைவகம் வெறும் 4 எம்பி. ஒரு காட்சிக்கு 2048 முக்கோணங்களுக்கு மேல் அதனால் வரைய முடியாது. ஆனாலும் படம் நொடிக்கு 60 பிரேம் வேகத்தில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. வெளிச்ச வட்டத்துக்கு அப்பால் எல்லாம் கறுப்பு என்பதால் தூரத்தைக் காட்டும் பாரம் கருவிக்கு இல்லை. எதிரே நிற்பது எது என்று தெரிந்த நிம்மதி ஆடுபவருக்கும் இல்லை. டார்ச்சைப் பிடித்தால் ஆயுதம் ஏந்த முடியாது, ஆயுதத்தை எடுத்தால் வெளிச்சம் போய்விடும். ‘டூம் 3’ 2004-இலேயே செய்த வேலைதான் என்றாலும் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

இடது கட்டைவிரல் நடக்க, இடது ஆள்காட்டி விரல் சுட, வலது கை ஸ்டைலஸால் கீழ்த்திரையைத் தேய்த்துத் தேய்த்து இருட்டில் குறிபார்க்க வேண்டும். கதவுக்கான ரகசிய எண் கண்ணில் பட்டால், கேமுக்குள் இருக்கும் நோட்டில் அதே ஸ்டைலஸால் கிறுக்கி வைத்துக்கொள்ளலாம். முகத்துக்கு இவ்வளவு அருகில் ஒரு புழு ஊர்ந்து வருவதை எந்த டிவியும் காட்டாது.

சொதப்பல் சேவ் விஷயத்தில். செத்தால் அத்தியாயத்தின் தொடக்கத்துக்கே போக வேண்டும். அறைக்கு நாம் திரும்பினால் கொன்ற பூதங்களும் மறுபடி நிற்கும். பஸ்ஸில் பத்து நிமிடம் ஆடிவிட்டு மூடி வைக்கும் கருவிக்கு இது கொஞ்சமும் ஒத்துவராத ஏற்பாடு. 2015-இல் 3டிஎஸ்ஸுக்கு வந்த மறுபதிப்பில் இடையிடையே சேவ் செய்ய வழி செய்தார்கள். அதை இப்போது புதிதாக வாங்க முடியாது. 3டிஎஸ் இணையக் கடை 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்திவிட்டது. அதே ஆண்டில் ஸ்விட்ச் பதிப்பு வந்திருக்கிறது. ஸ்டைலஸ் வேண்டுமென்றால் பழைய டிஎஸ் கார்ட்ரிட்ஜைத்தான் தேட வேண்டும்.