காந்தலே ருசி!

எங்கள் வீட்டில் திரட்டுப்பால் கிளறினால், உருளியின் அடியில் பிடித்த காந்தல் என் கணவருக்குத்தான். எனக்கோ அந்த வாசனையே ஆகாது. "கருப்பே அழகு, காந்தலே ருசி" என்று பழமொழி சொல்லிக்கொண்டே சுரண்டிச் சாப்பிடுவார். அந்தப் பழமொழியின் முதல் பாதி என் காதில் விழுந்ததே இல்லை!

என் மகள் கருப்பு. பார்க்கிறவர்கள், "கலர் கம்மி, ஆனா களையா இருக்கா" என்பார்கள். அந்த 'ஆனா' என்னை முள்ளாய்க் குத்தும். போன வருஷம் தெரிந்த மாமி ஒருத்தி சொன்னாள் என்று, தயாரித்தவர் பெயர்கூட இல்லாத ஒரு சிகப்பழகு கிரீமை வாங்கி வந்தேன். வேண்டாம் என்றவளை வற்புறுத்திப் பூச வைத்தேன். பத்தே நாளில் முகம் பளிச்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு மாதத்தில் கன்னமெல்லாம் சிவந்து, பருவும் எரிச்சலுமாக அழுதாள்.

தோல் டாக்டரம்மா டப்பாவைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். "இந்த மாதிரி கிரீம்ல ஸ்டீராய்டு கலந்திருப்பாங்க. முதல்ல பளபளப்பு, அப்புறம் தோல் மெலிஞ்சு போகும். சிலதுல பாதரசம்கூட இருக்கும். அது சிறுநீரகத்தையே கெடுக்கும். கேரளாவில் இப்படிப் பாதிக்கப்பட்டவங்களைப் பற்றி டாக்டர்கள் எழுதியிருக்காங்க. தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனின்தான் வெயிலுக்குக் குடை. இருக்கிற குடையை ஏம்மா கிழிக்கிறீங்க?" என்றார். சிறுநீர்ப் பரிசோதனையில் கோளாறு இல்லை என்று தெரியும்வரை எனக்கு உயிரே இல்லை.

வீடு திரும்பும்போது மகள் மெதுவாகக் கேட்டாள்: "அப்பாவோட காந்தலை நீ என்னிக்காவது பிடுங்கிக் கொட்டியிருக்கியா? உனக்குப் பிடிக்காதுன்னு ஒதுங்கித்தானே போறே? என் நிறத்தை மட்டும் ஏம்மா மாத்தப் பார்த்தே?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சகோதரிகளே! தயாரிப்பாளரின் பெயர், விலாசம், சேர்மானம் அச்சிடாத கிரீமைக் குழந்தைகள் முகத்தில் தடவாதீர்கள். ஏற்கெனவே பூசி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு கிரீமைத் திடீரென நிறுத்தினாலும் முகம் சிவந்து எரியக்கூடும்.

'கருப்புக்கு எடுபடாது' என்று இத்தனை வருஷம் வெளிர் நிறமாகவே அவளுக்கு எடுத்து வந்தேன். இந்தத் தீபாவளிக்கு அவளையே கடைக்கு அனுப்பினேன். பளீரென்ற மாம்பழ மஞ்சளில் ஒரு புடவை வாங்கி வந்தாள். கட்டிக்கொண்டு கண்ணாடி முன் அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

எனக்கு இன்னும் அந்த மஞ்சள் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். கட்டிக்கொள்கிறவள் அவள்தானே!