ஊதுபொறி பூட்டிய எஞ்சினுக்கு எரிபொருள் அளத்தல்

கண்டி வீதியும் நீர்கொழும்பு வீதியும் பிரியும் இடம் பேலியகொடை. களனி கங்கையைக் கடந்து வரும் வண்டிகளுள் நீர்கொழும்புக்குச் செல்வன கடலோரச் சமநிலத்திலே ஓடும். கண்டி வழியாக நுவரெலியாவுக்குச் செல்வனவோ ஆறாயிரம் அடிக்கு மேல் ஏறவேண்டும். அங்கே வளியின் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே. மலையேறினால் மூச்சு வாங்குவது மனிதருக்கு மட்டுமன்று, எஞ்சினுக்கும் அதே கதிதான். அக்குறையை ஈடுசெய்யவும், சமநிலத்திலேயே வலுவைக் கூட்டவும் உதவும் சாதனமே சூப்பர்சார்ஜர் எனப்படும் ஊதுபொறி.

இத்தகைய ஊதுபொறியின் ஓசையை இலங்கையர் பலர் தம்மையறியாமலே கேட்டிருப்பர். 1954ஆம் ஆண்டிலே கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடாவிலிருந்து டீசல் புகையிரத எஞ்சின்கள் வந்தன. அவற்றுக்கு ‘ஒன்ராறியோ’, ‘அல்பேட்டா’ என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. இரண்டு தட்டு முறையில் இயங்கும் அவ்வெஞ்சின்களில், எரிந்த புகையை வெளியே தள்ளிப் புதுவளியை நிரப்புவது ரூட்ஸ் ஊதுபொறியின் வேலை. பன்னிரண்டு சிலிண்டர்களுக்கும் தனித்தனி இன்ஜெக்டர் உண்டு. ஒவ்வொன்றினுள்ளும் பம்பும் நுண்துளைகளும் ஒன்றாகவே அமைந்திருக்கும். அமுக்கத்தையும் அளவையும் ஒரே கருவி கவனிப்பதால், பொருத்தம் பார்க்கும் வேலை அங்கே தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது.

பெற்றோல் மோட்டார் வண்டியின் நிலை வேறு. பம்பு ஓரிடம், இன்ஜெக்டர் வேறிடம். சாதாரண எஞ்சினுக்குப் பின்னாளில் ஊதுபொறி பூட்டுவோர் இரண்டையும் தாமே இசைவிக்கவேண்டும். பிழை நேரின் அதன் விலை பெரிது. ஊதுபொறி வளியை மிகுதியாகத் திணிக்க, பெற்றோல் மட்டும் பழைய அளவிலே வருமாயின் கலவை மெலியும். மெலிந்த கலவை சுமையின்கீழ்த் தானே வெடித்து, பிஸ்டனின் தலையைச் சில விநாடிகளிலேயே உருக்கித் துளையிட வல்லது.

வளியும் பெற்றோலும் நிறையளவில் 14.7க்கு 1 என்ற விகிதத்திற் கலந்தால் இரண்டும் மிச்சமின்றி எரியும். பெருஞ்சுமையில் பெற்றோல் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். எரிபொருள் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 45 இறாத்தல் என்றும், ஊதுபொறி தரும் மேலதிக வளியமுக்கம் 10 இறாத்தல் என்றும் கொள்வோம். இன்ஜெக்டரின் வாயிலே அந்தப் 10 இறாத்தல் எதிர்த்து நிற்பதால், பெற்றோலைத் தள்ளும் அமுக்கம் 35 ஆகிவிடுகிறது. வளி ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும் அதே வேளையில் பெற்றோல் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு குறைகிறது! ஆகவே, வளியமுக்கம் ஏறும் அளவுக்கு எரிபொருள் அமுக்கத்தையும் ஏற்றும் கட்டுப்படுத்தி முதலில் வேண்டும்.

அமுக்கத்தை இன்னும் உயர்த்தியே குறையைத் தீர்க்கலாகாதா என்று கேட்கலாம். பாய்ச்சல் அமுக்கத்தின் வர்க்கமூலத்தையே பின்பற்றும். அமுக்கம் நான்கு மடங்கானாற்றான் பெற்றோல் இரண்டு மடங்காகும். ஒன்றரை மடங்கு பெற்றோலுக்கு 45 இறாத்தலை 101 ஆக்கவேண்டும். அமுக்கம் ஏறுந்தோறும் பம்பு தரும் அளவோ குறையும். இன்ஜெக்டரின் ஊசியும் திறக்க இயலாது திணறும்.

அப்படியாயின் பெரிய இன்ஜெக்டரே பூட்டிவிட்டால் என்ன? கராஜ்களிற் பலர் விரும்பும் வழி இதுவே. ஆனால், எஞ்சின் சும்மா ஓடும்போது தேவைப்படுவது துளியளவு பெற்றோல். ஊசி திறந்து மூடுவதற்கே ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு விநாடி செல்லும். துளை மிகப் பெரிதானால் அத்துளியைச் செம்மையாக அளக்க நேரம் போதாது. எஞ்சின் தடுமாறும், பிளக்குகளில் கரி படியும். வீதி நெரிசலில் நின்று நின்று செல்லும் வண்டிக்கு இது பெருந்தொல்லை.

கணக்கு கடினமன்று. 200 குதிரைவலுத் தரும் நான்கு சிலிண்டர் எஞ்சின், குதிரைவலு ஒன்றுக்கு மணிக்கு 0.6 இறாத்தல் பெற்றோல் கொள்வதாக வைத்தால் மொத்தம் 120 இறாத்தல், சிலிண்டருக்கு 30. நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் ஒரு வட்டத்துக்குக் கிடைக்கும் காலம் ஆயிரத்தில் 20 விநாடி. அதில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் இன்ஜெக்டர் திறந்திருப்பது நன்றன்று. எனவே வேண்டியது 37.5 இறாத்தல் இன்ஜெக்டர். 45 இறாத்தல் அமுக்கத்தில் 34 இறாத்தல் தரும் இன்ஜெக்டரே கைவசம் இருப்பின், அமுக்கத்தை 55 ஆக்கினாற் போதும். ஊதுபொறியின் 10ஐயும் சேர்த்தால், 65 இறாத்தல் அமுக்கத்திலே பம்பு அந்த 120 இறாத்தலையும் குறையாது தரவேண்டும். பலர் மறந்துவிடுவது இந்தக் கடைசிச் சோதனையைத்தான்.

வளியின் நிலையை உணர்ந்து தானே திருத்திக்கொள்ளும் கருவி இல்லாத வண்டியை எங்கே வைத்துச் சரிசெய்தோம் என்பதும் கவனிக்கத்தக்கது. பேலியகொடையில் அளவு பார்த்த வண்டி நுவரெலியாவில் கரும்புகை கக்கும், அவ்வளவே. மலையிலே அளவு பார்த்த வண்டியோ கீழே இறங்கி, அடர்ந்த வளியில் முழு வேகம் எடுக்கும்போது மெலிந்த கலவையோடு ஓடும்.