சொல்தா தாத்தாவும் ஒரு சோப்புத் தகராறும்!

நாலு பேரோடு ஒரே ரூமில் குப்பை கொட்டுகிற ஆசாமியா நீங்கள்? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான் சார்!

வருஷம் 1994. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் பத்துக்குப் பத்து ரூம். மூன்று கட்டில், நாலு பேர். (தரையில் படுத்த நாலாவது ஆள் அடியேன்!) குளிக்க க்யூ, கொடியில் துணி போட க்யூ, கண்ணாடியில் முகம் பார்க்கக்கூட க்யூ. ஒருநாள் காலையில் பார்த்தால், முந்தின நாள் வாங்கிய என் சோப்பு பாதியாகக் கரைந்து கிடந்தது. பக்கத்துக் கட்டில் நண்பர் வேலைதான் என்று முடிவு கட்டினேன். கேட்கவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டேன். ஒருநாள் இரண்டு நாள் இல்லை... எட்டு நாள்!

சனிக்கிழமை திண்டிவனம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்துப் பாண்டிச்சேரி போனதும், எங்கள் தெரு சொல்தா தாத்தாவிடம் போய்ப் புலம்பினேன்.

அது யார் சொல்தா?

பாண்டிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சில் 'சொல்தா' என்றால் சிப்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களுக்குப் பாண்டியில் அதுதான் பெயர். பென்ஷன் முதலில் பிராங்கில், 2002-லிருந்து யூரோவில். 'சொல்தா வீட்டு மாப்பிள்ளை' என்றால் பெண் வீட்டார் எழுந்து நின்று காபி கொடுப்பார்கள்!

முதல் உலகப் போருக்கே இங்கிருந்து பையன்கள் போயிருக்கிறார்கள். பீச் ரோட்டில், காந்தி சிலைக்குக் கிட்டே, 1938-ல் திறந்த நினைவுச் சின்னம் அவர்களுக்காகத்தான். வருஷா வருஷம் ஜூலை 14 வந்தால் அதற்கு விளக்கு அலங்காரம். அடுத்து இந்தோசீனா யுத்தம் (1946-54), அதற்கப்புறம் அல்ஜீரியா (1954-62).

எங்கள் தாத்தா இந்தோசீனா பார்ட்டி. ஆறு ரூம் வீடு கட்டியிருந்தார். ஆனால் அவர் படுப்பது என்னவோ திண்ணையில், ஒரு ஆள் மட்டுமே படுக்கிற ஒல்லிக் கட்டிலில். "அகலமா இருந்தா தூக்கம் வரமாட்டேங்குது தம்பி" என்பார்.

கப்பலா, பல்லவன் பஸ்ஸா?

"உன் ரூமுல எத்தனை பேரு?"

"நாலு பேர் தாத்தா."

"அட, அரண்மனைன்னு சொல்லு!"

சிரித்து முடித்துவிட்டுக் கப்பலில் ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் படைகளை சைகோனுக்கு ஏற்றிப் போன கப்பல்களில் பெரியது 'பாஸ்தர்'. சுமார் 750 பயணிகளுக்காகக் கட்டிய கப்பல். யுத்தம் வந்ததும் அதிலேயே நாலாயிரம் பேருக்கு மேல் அடைத்தார்கள். காலை ஒன்பது மணி பல்லவன் பஸ் இரண்டு மூன்று வாரம் நிற்காமல் கடலில் ஓடினால் எப்படி இருக்கும்? அதேதான். அடுக்கடுக்காகப் படுக்கை. மேலே இருப்பவர் வாந்தி எடுத்தால் கீழே இருப்பவர் பாடு கஷ்டம்!

அங்கே போன பிறகாவது விசாலமான இடமா? அதுவும் இல்லை. 1951-ல் தளபதி தெ லாத்ர், வடக்கே செந்நதி டெல்டாவைச் சுற்றி வரிசையாக கான்கிரீட் காவல் அரண்கள் கட்டச் சொன்னார். நூற்றுக்கணக்கில் கட்டினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் குழு. சுவரில் துப்பாக்கி நீட்டுகிற ஓட்டைதான் ஜன்னல். வெயிலில் அடுப்பு, மழையில் குளம். தாத்தா இருந்தது அப்படிப்பட்ட ஒன்றில். எட்டுப் பேர்.

"மூணே சட்டம் தம்பி. ராத்திரி பாரா பார்த்துட்டு வந்தவனை எழுப்பக் கூடாது. அடுத்தவன் பெட்டியத் தொடக் கூடாது, அதுலதான் வீட்டுக் கடுதாசி இருக்கும். மனசுல ஏதாவது இருந்தா, படுக்கறதுக்குள்ள சொல்லிடணும்."

வடவம் வந்த கதை

ஒருநாள் தாத்தாவுக்கு வீட்டிலிருந்து பார்சல். பிரித்தால்... வடவம்! சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டு உருட்டிக் காயவைத்த பாண்டிச்சேரி வடவம். அடைத்த அறையில் அந்த வாசனை எப்படி இருந்திருக்கும்? பிரெஞ்சு சார்ஜெண்ட் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாராம். நாலாம் நாள், குழம்பில் தாளித்ததை ருசி பார்த்துவிட்டு, தட்டோடு வந்து நின்றவரும் அவரே! (இன்றைக்கு அதே வடவம் 'வதுவான்' என்று பெயர் மாறி, பிரான்ஸில் பெரிய பெரிய சமையல்காரர்கள் கையில் புழங்குகிறது.)

பக்கத்துப் படுக்கை காரைக்கால்காரர். தாத்தா பாராவுக்குப் போயிருந்தபோது பெட்டியைத் திறந்து இரண்டு உருண்டை எடுத்துவிட்டார். இரண்டாவது சட்டம் உடைந்தது. தாத்தாவுக்கு வந்ததே கோபம்! மூன்றாவது சட்டத்தை இவர் உடைத்தார். பேசவில்லை. ஒரு முழங்கை தூரத்தில் படுத்துக்கொண்டு, எட்டு நாள் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் ரோட்டில் கண்ணிவெடி இருக்கிறதா என்று பார்க்கப் போனது காரைக்கால்காரர் முறை. போனவர் திரும்பவில்லை.

"போறப்ப வாசல்ல நின்னு என்னைப் பார்த்தான் தம்பி. நான் பூட்ஸ் கயிறு கட்டுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்."

தாத்தா அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இடம் சின்னது, ஆனால்...

இது யுத்த காலத்துச் சங்கதி மட்டுமில்லை. நமது கடற்படையின் முதல் நீர்மூழ்கி ஐ.என்.எஸ். கல்வரி 1967 டிசம்பர் 8-ல் சேவைக்கு வந்தது. சுமார் 91 மீட்டர் நீளக் குழாய்க்குள் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள்! பல நாட்டு நீர்மூழ்கிகளில் ஒருவர் எழுந்த சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் அதே படுக்கையில் படுப்பார். சியாச்சினில் 1984 ஏப்ரலிலிருந்து நம் ஜவான்கள் பனிக்கு நடுவே ஃபைபர் கிளாஸ் குடிசைகளில், கெரசின் அடுப்புப் புகையோடு ஒண்டிக்கொள்கிறார்கள். கோபம் வந்தால் 'கொஞ்சம் நடந்துட்டு வரேன்' என்று பீச்சுக்குக் கிளம்ப முடியாது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

ஞாயிறு ராத்திரியே மேன்ஷன் திரும்பினேன். நண்பர் சட்டை மடித்துக்கொண்டிருந்தார். எட்டு நாளாக ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் மறந்துபோய், "சோப்பு..." என்று மட்டும் வந்தது.

"அதை ஏன் சார் கேட்கறீங்க? அன்னிக்கு ஒழுகுற குழாய்க்கு அடியிலேயே வெச்சுட்டுப் போயிட்டீங்க. ராத்திரி பூரா தண்ணி சொட்டிக் கரைஞ்சிருக்கு. நான்தான் எடுத்து மேல வெச்சேன். சொல்லலாம்னு பார்த்தா, நீங்க மூஞ்சியே கொடுக்கலை!"

தாத்தா இன்றைக்கு இல்லை. அந்த நண்பர் இருக்கிறார். எனக்குக் கோபம் வந்தால், ராத்திரி படுப்பதற்குள் போன் போட்டுத் திட்டிவிடுகிறேன்!