வேகம் இருந்தது, துறை இல்லை!

செம்பூரில் ரயிலேறி வாஷி செல்லும் அன்பர்கள், மான்குர்டைத் தாண்டியதும் தானா கழியைப் பார்க்கிறார்கள். நீர் வற்றும் வேளையில் கரையோரமெங்கும் சேறு. சாதாரணப் படகு அங்கே தரைதட்டி நின்றுவிடும்.

ஆனால் 'ஹோவர்கிராப்ட்' நிற்காது. விசிறிகள் கீழ்நோக்கித் தள்ளும் காற்றை, அடிப்புறத்தைச் சுற்றியுள்ள ரப்பர் பாவாடை தேக்கி வைக்கிறது. அந்தக் காற்று மெத்தையின் மேல் ஊர்தி நீரிலும் சேற்றிலும் சறுக்கி ஓடும். பிரிட்டிஷ் பொறியாளர் கிறிஸ்டபர் காக்கரெல் கண்ட இந்த ஊர்தி 1959-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. நம் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலும், ஆழம் குறைந்த கடலைக் காக்கக் கடலோரக் காவல் படை இதனையே வைத்திருக்கிறது.

1994-ல் வாஷியிலிருந்தும் பேலாப்பூரிலிருந்தும் தென் மும்பைக்கு ஹோவர்கிராப்ட் ஓடத் தொடங்கியது. 1999-ல் நின்றுபோயிற்று. ஊர்தியின் வேகத்தில் குறையில்லை. கரையில் போதிய துறை வசதி இல்லாததே குறை. 1992-ல் கழியைக் கடந்த ரயிலோ, இரு கரையிலும் நிலையங்களோடு வந்தது, நிலைத்தது.

2022 பிப்ரவரியில் பேலாப்பூரில் புதிய படகுத்துறை திறக்கப்பட்டு, 'வாட்டர் டாக்ஸி' தொடங்கப்பட்டது. வேலைக்கு ஓடுகிறவன் கணக்கிடுவது கடலில் மிச்சமாகும் நிமிடங்களை மட்டுமல்ல; வீட்டிலிருந்து துறைக்கும், துறையிலிருந்து அலுவலகத்துக்கும் ஆகும் நேரத்தையும் பஸ் காசையும் சேர்த்துத்தான். அந்தக் கணக்கு சரிப்பட்டால்தான் கடல் வழி நிலைக்கும்.