ஏழெட்டும் எட்டேழும்

வாய்ப்பாடு ஒப்பிக்கும் குழந்தைக்கு ‘ஏழெட்டு ஐம்பத்தாறு’ ஒரு வரி, ‘எட்டேழு ஐம்பத்தாறு’ வேறொரு வாய்ப்பாட்டின் வரி. இரண்டுக்கும் விடை ஏன் ஒன்று என்று ஓசை சொல்லாது. பெருக்கல் என்பது தொடர் கூட்டல் என்று விளக்கினாலும் புதிர் அவிழாது. ஐந்தை ஆறு முறை கூட்டுவதும் ஆறை ஐந்து முறை கூட்டுவதும் குழந்தைக்கு வெவ்வேறு வேலைகள். முப்பது முட்டை அடுக்கிய ட்ரேயைக் காட்டுங்கள். இப்படிப் பார்த்தால் ஐந்தைந்தாக ஆறு வரிசை; பக்கவாட்டில் திருப்பினால் ஆறாறாக ஐந்து வரிசை. முட்டை கூடவுமில்லை, குறையவுமில்லை. நிரையும் நிரலுமாகப் பொருள்களை அடுக்கிப் பெருக்கல் கற்பிக்கும் முறைக்கு உயிர் இந்தத் திருப்பலில்தான் இருக்கிறது.

அதனால் மிச்சமாகும் உழைப்பு கொஞ்சமல்ல. பத்தாம் வாய்ப்பாடு வரை பத்துக்குப் பத்தாக எழுதினால் 100 கட்டங்கள். அந்தச் சதுரத் தாளை, ஒன்று இருக்கும் மூலையிலிருந்து நூறு இருக்கும் மூலைவரை குறுக்காக மடித்தால் ஒரு பாதி எண்கள் மறுபாதியின்மேல் அப்படியே பொருந்தும். மடிப்பின்மேல் நிற்பவை 1, 4, 9, 16 என நீளும் பத்து வர்க்க எண்கள். அத்தனை புளியங்கொட்டைகளைச் சதுரமாக அடுக்கலாம். ஆக, தனித்தனியாகக் கற்க வேண்டியவை 55தான். ஒன்றாலும் பத்தாலும் பெருக்குவதில் மனப்பாடத்துக்கு வேலையே இல்லை. அவற்றையும் கழித்தால் மிஞ்சுவது 36. நூறு வரிகளை மிரட்டிப் படிக்கவைக்கும் நாம் இந்தச் சலுகையைக் குழந்தையிடம் சொல்வதே இல்லை.

மனப்பாடமே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், வேகத்துக்கு அதுதான் துணை. ஆனால் மறந்துபோனால் ஓசை கைவிட்டுவிடும், அடுக்கு கைவிடாது. ஏழேழு கொட்டையாக எட்டு வரிசை. ஐந்தாம் வரிசைக்குக் கீழே ஒரு குச்சியை வையுங்கள். மேலே ஐயேழு முப்பத்தைந்து, கீழே மூவேழு இருபத்தொன்று, கூட்டினால் 56. பின்னாளில் 23ஐ 14ஆல் பெருக்கும்போதும் இதே வெட்டுதான்: 200, 80, 30, 12 என நான்கு துண்டுகள், மொத்தம் 322. குழந்தை ஒவ்வொன்றாக எண்ணியே பழகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதைத் தவிர்க்க, மேல்வரிசையையும் இடது ஓரத்தையும் மட்டும் விட்டு, மற்றதைத் தாளால் மூடிவிட்டால் போதும். எண்ண முடியாத இடத்தில் பெருக்கித்தான் ஆக வேண்டும்.

கொட்டைக்கும் கோலப்புள்ளிக்கும் செலவில்லை. வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொல்லும் முன் 12 கொட்டைகளைக் கொடுத்து, சம வரிசைகளாக எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கேளுங்கள். பிறகு ஒன்றைக் கூட்டிப் பதின்மூன்றாக்குங்கள். ஒற்றை வரிசையைத் தவிர வேறெப்படியும் அடங்காது. ஏன் என்று குழந்தை கேட்கட்டும். பகா எண் என்ற பெயரை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.