பழைய ஜீப்பில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

இந்தியச் சாலைகளில் பழைய ஜீப் என்றால் பெரும்பாலும் அது மகிந்திரா ஜீப்தான். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை 1940-களின் இறுதியில் இங்கே பொருத்தித் தயாரிக்கத் தொடங்கிய அந்த நிறுவனம், அமெரிக்காவில் 1968-இல் தயாரிப்பு நின்றுபோன சி.ஜே. 3பி மாடலை அதன் பிறகும் பல ஆண்டுகள் வெளியிட்டது. அதன் வழிவந்த எம்.எம். 540, மேஜர், கமாண்டர் வகைகளும், 1985-இல் வந்த மாருதி ஜிப்சியும், ராணுவத்துக்காக ஜபல்பூரில் தயாரான ஜோங்காவும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போவதும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லும் பள்ளமுமான பாதையில் ஏறுவதும் இந்தக் குடும்பத்து வண்டிகளே.

இப்படி ஒரு வண்டியை வாங்கியவுடன் அதில் எதையாவது மாற்ற வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. பெரிய டயர், உயர்த்திய உடல், முன்னால் இரும்பு பம்பர், கூரையில் விளக்கு வரிசை என்று கண்ணுக்குத் தெரிகிற மாற்றங்களுக்கே பணம் முதலில் செலவாகிறது. உயிரைக் காக்கும் மாற்றங்கள் பெரும்பாலும் வண்டிக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில் நடப்பவை. சட்டச் சிக்கல் கொண்டுவருபவையோ பெரும்பாலும் வெளியில் தெரிபவை. செலவழிக்கும் முன் இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பணமும் மிஞ்சும், வண்டியும் பிழைக்கும்.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தையே இந்தப் பிரிவு ‘மாற்றம்’ எனக் கொள்கிறது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் கேரள உயர் நீதிமன்றத்தின் மாறுபட்ட தீர்ப்பை ரத்து செய்து இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வண்டி முழுவதற்கும் சேர்த்து ஓர் அபராதம் அல்ல, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக என்பதைக் கவனிக்க வேண்டும். அனுமதி பெற்றுச் செய்த மாற்றத்தையும் பதினான்கு நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும்.

தேய்ந்ததை எடுத்துவிட்டு அதே தரத்தில், அதே அளவில் புதியதைப் பொருத்துவது பராமரிப்பு. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. எஞ்சின், சேசிஸ், உடல் வகை, எரிபொருள், இருக்கை எண்ணிக்கை, சக்கர இடைவெளி, நிறம் ஆகியவற்றில் எதைத் தொட்டாலும் அது ஆர்.சி.யைத் தொடுகிற காரியம். பட்டறையில் “எல்லாரும் செய்றதுதான் சார்” என்று சொல்லப்படும் வேலைகளில் பல இந்த இரண்டாம் வகையில் விழுகின்றன.

பணம் முதலில் போக வேண்டிய இடம் பிரேக். பழைய ஜீப்புகளில் ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே சுற்றாக நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் ஆயில் போகிறது. ஒரு குழாய் கசிந்தாலோ ஒரு வீல் சிலிண்டர் ரப்பர் கிழிந்தாலோ நான்கிலும் பிடிப்பு போய்விடும். மலை இறக்கத்தில் இது நேர்ந்தால் கியரையும் கைபிரேக்கையும் பாறையையும் தவிர வேறு துணை இல்லை. முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனிச் சுற்று வைத்த இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்துவதுதான் இந்த வண்டிகளில் செய்யக்கூடிய மாற்றங்களிலேயே மிகப் பயனுள்ளது. பழைய டிரம் பிரேக்குகள் ஓடையைக் கடந்த பிறகு நனைந்து சிறிது நேரம் பிடிக்காது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் வைத்தால் இந்தக் குறை பெரிதும் தீரும். ஆனால் பிராக்கெட்டை லேத்தில் தோராயமாகக் கடைந்து வெல்டிங் வைத்துப் பொருத்தும் டிஸ்க், நல்ல நிலையிலுள்ள டிரம்மைவிட ஆபத்தானது. அந்த அச்சுக்கென்றே அளவெடுத்துத் தயாரித்த பொருத்துகருவி கிடைக்காவிட்டால் டிரம்மையே புதுப்பித்து வைத்துக்கொள்வது மேல். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அதனால் ஓடாமல் நின்ற வண்டியிலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். டிரம்மைத் திறந்து காற்றடித்துத் தூசி பறக்கவிடும் வழக்கம் மெக்கானிக்கின் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் சொல்வது உரிமையாளரின் கடமை.

கைபிரேக் விஷயத்தில் பலர் அறியாத ஆபத்து ஒன்று உண்டு. பழைய வில்லிஸ், மகிந்திரா ஜீப்புகள் பலவற்றில் கைபிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறமுள்ள டிரம் வழியாக ப்ரொபெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. பஞ்சர் பார்க்கப் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், தூக்கிய சக்கரம் ஒரு திசையில் சுழல, தரையிலுள்ள சக்கரம் எதிர்த்திசையில் உருள டிஃபரன்ஷியல் வழிவிடும். கைபிரேக்கை முழுக்க இழுத்திருந்தாலும் வண்டி நகர்ந்து ஜாக்கியிலிருந்து விழலாம். தூக்கும் முன் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை போட்டே ஆக வேண்டும். நல்ல கட்டை இரண்டை வண்டியிலேயே வைத்திருப்பதுதான் இதற்கான மலிவான தீர்வு.

அடுத்தது ஸ்டீயரிங். குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் அதிரும் கோளாறு இந்த வண்டிகளில் பரவலானது. கிங்பின் பேரிங், டைராடு முனை, ஸ்டீயரிங் பாக்ஸ், கமான் பட்டையின் புஷ் ஆகியவற்றின் தேய்மானமே பெரும்பாலும் காரணம். பல இடங்களில் இதற்கு ஒரு ஸ்டீயரிங் டேம்பரை மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். அதிர்வு அடங்கும், தேய்மானம் உள்ளே தொடரும். தேய்ந்த இணைப்புகளை மாற்றி, சக்கரக் கோணத்தைச் சரிபார்த்த பிறகுதான் டேம்பர். பவர் ஸ்டீயரிங்கும் அப்படித்தான், ஆட்டம் உள்ள இணைப்புகளின் மேல் அதைப் பொருத்துவது பணத்தை வீணாக்குவது.

டயரில் தோற்றம் ஏமாற்றும். ஓடாமல் நின்ற வண்டியின் டயரில் பட்டன் முழுதாக இருக்கும், ரப்பர் இறுகிப்போயிருக்கும். டயரின் பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். பத்து ஆண்டைத் தாண்டிய டயரை எவ்வளவு பட்டன் இருந்தாலும் கழற்ற வேண்டும். பெரிய டயர் போடுவதன் விலையோ வேறு. 28 அங்குல உயரமுள்ள டயருக்குப் பதில் 31 அங்குல டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பிரேக்கின் பிடிப்பு குறையும், கிளச்சுக்கும் ஆக்சில் ஷாஃப்டுக்கும் சுமை கூடும். இடம் போதவில்லை என்று கமான் பட்டைக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினால் ஈர்ப்பு மையம் மேலேறும். வில்லிஸ் ஜீப்பின் இரு அச்சுகளுக்கு இடையே 80 அங்குலம்தான். இவ்வளவு குட்டையான வண்டி கவிழ உயர்த்துவதே போதுமான காரணம். ப்ரொபெல்லர் ஷாஃப்ட் கோணமும் கெடும், பிரேக் ஹோஸ் இழுபடும். கம்பெனி குறித்த அளவுக்கு அருகிலேயே, மண்பாதைக்கேற்ற பட்டன் உள்ள டயரே சரியான தேர்வு.

மின்சார வேலை கவனிக்கப்படாமல் கிடக்கும் மற்றொரு பகுதி. முதல் தலைமுறை வில்லிஸ் 6 வோல்ட் வண்டி. அதை 12 வோல்ட்டுக்கு மாற்றினால் விளக்கு நன்றாக எரியும், பேட்டரியும் எங்கும் கிடைக்கும். எந்தப் பழைய ஜீப்பானாலும் வெடித்த வயர்களை முழுவதும் மாற்றி, பேட்டரிக்கு அருகே முதன்மை ஃப்யூஸ் வைப்பது தீவிபத்தைத் தடுக்கும். மங்கலான ஹெட்லைட்டுக்குப் பெரும்பாலும் ரிலே வைத்தாலே போதும். பழைய வயரில் 100 வாட் பல்பு போட்டால் வயர் உருகும். இழை பல்புக்கென அமைந்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பு செருகினால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 111-ஆம் விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதியின்றி முன்பக்கம் ஸ்பாட் லைட் பொருத்துவதைத் தடைசெய்கிறது.

பெட்ரோல் ஜீப் வைத்திருப்போர் எரிபொருள் குழாய்களை உடனே பார்க்க வேண்டும். பங்குகளில் இப்போது கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் ஆகியவை இதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் தாங்கும் ஹோஸ்களின் விலை ஒன்றும் பெரிதல்ல. சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கசிந்தால் போகும் விலை பெரிது. வண்டி மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் டேங்க்கில் இந்தப் பெட்ரோலைத் தேங்கவிடக் கூடாது, ஈரம் சேர்ந்து அடியில் தண்ணீராகப் பிரியும்.

சீட் பெல்ட் இல்லாமல் வந்த வண்டிக்கு அதைப் பொருத்துவது நல்லது. ஆனால் தகர அடித்தளத்தில் ஒரு துளை போட்டு போல்ட் முறுக்கினால் மோதலின்போது தகரம் கிழிந்து பெல்ட் கையோடு வரும். கட்டும் இடத்துக்குப் பின்னால் தடித்த இரும்புத் தகடு வேண்டும், அல்லது சேசிஸோடு பிணைக்க வேண்டும். முன்னால் மாட்டும் கிராஷ் கார்டு, புல் பார் ஆகியவை பற்றித் தயக்கமே தேவையில்லை, கூடாது. அவை மோதிய பாதசாரியின் எலும்பை நொறுக்குபவை. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இவை சட்டவிரோதமானவை என்று மாநிலங்களுக்குத் தெளிவுபடுத்திவிட்டது.

எஞ்சின் மாற்றம்தான் அதிகம் பேசப்படுவதும் அதிகம் ஏமாற்றம் தருவதும். பழைய வண்டியில் புதிய டீசல் எஞ்சினை ஏற்றினால் கியர்பாக்ஸ், ரேடியேட்டர், மவுண்டிங், பிரேக் எல்லாம் தொடர்ந்து மாற்றம் கேட்கும். அதே வகை எஞ்சினைப் போடுவதற்கும் அலுவலக அனுமதி வேண்டும். மாற்று எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான பில்லும் ஆவணமும் இல்லாவிட்டால் அது திருட்டுப் பொருளாகவும் இருக்கக்கூடும். உள்ள எஞ்சினை முறையாகப் பிரித்துப் புதுப்பிப்பதே பெரும்பாலானோருக்கு ஏற்றது.

ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் பழைய ஜீப்புகளை வெட்டி, ‘லோ பானெட்’ என்ற பெயரில் போர்க்கால வில்லிஸ் போலத் தோற்றமளிக்கச் செய்து விற்பது பெரிய தொழில். வாங்குமுன் சேசிஸ் எண்ணைச் சேசிஸிலேயே பார்த்து, பென்சில் அச்சு எடுத்து, அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் உள்ள விவரத்தோடு ஒப்பிட வேண்டும். எண்ணைச் சுற்றி அரைத்த தடமோ புது வெல்டிங்கோ இருந்தால் முன்பணம் கொடுக்காமல் விலகிவிட வேண்டும். வண்டியை விற்பவரும் பெயர் மாற்றத்தைக் கண்ணால் பார்த்த பிறகே நிம்மதி கொள்ளலாம். பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது.

தனியார் வண்டிக்கு முதல் பதினைந்து ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அனுமதியற்ற மாற்றங்கள் அகப்படுவது பெரும்பாலும் அங்கேதான். ஐம்பது ஆண்டைக் கடந்த வண்டிக்கு 2021 ஜூலை முதல் ‘வி.ஏ.’ வரிசையில் தனிப் பதிவு கிடைக்கிறது. சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவை மூல வடிவிலேயே இருந்தால்தான் அந்தப் பதிவு கிடைக்கும். கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அதைச் சாலையில் ஓட்டலாம். அன்றாடம் ஓட்ட விரும்புகிறவருக்கு அந்த வழி பொருந்தாது.

செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து பாலிசியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மறைத்தால் சொந்தச் சேதத்துக்கான கோரிக்கை நிராகரிக்கப்படலாம். பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றில் ஏற்படும் சேதத்தைச் சாதாரண பாலிசி ஏற்பதில்லை என்பதை ஆஃப்ரோடு போட்டிக்குப் போகிறவர்கள் மறக்கக் கூடாது.

பட்டறையில் வேலை கொடுக்கும்போது செய்யப்போகும் வேலை, பொருத்தும் பாகம், தொகை, முடிக்கும் நாள் ஆகியவற்றை எழுதி வாங்குவதும், கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேட்பதும் வாடிக்கையாளரின் நலனுக்கானவை. பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. வேலை மோசமாக இருந்தால் முதலில் படம் எடுத்து வைத்து, வேறொரு மெக்கானிக்கின் எழுத்துபூர்வக் கருத்தோடு பட்டறைக்கு நோட்டீஸ் அனுப்பலாம். பயனில்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம், அல்லது தான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். செலுத்திய தொகை ரூ. 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. மாற்றத்துக்கான அனுமதியையோ பதிவுப் புதுப்பிப்பையோ போக்குவரத்து அலுவலகம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அந்த உத்தரவு கிடைத்த முப்பது நாட்களுக்குள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம்.